ரோசம்மாவுக்கு நான் கொடுத்த மாத்திரை

உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று சரியாகத் தெரியாத ஹார்மோன் மாத்திரையை ஐந்து பேருக்குக் கொடுத்தவன் நான். மலேசியாவில், லூனாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, மருந்து கொடுத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் என் சொல்லுக்கு அங்கே மறுபேச்சு இல்லை.

வயதைப் பின்னுக்குத் தள்ளும் என்ற விளம்பரத்தைப் பார்த்து இணையத்தில் வாங்கினேன். முதலில் நானே விழுங்கி, தினமும் கண்ணாடியில் நரைமுடியை ஆராய்ந்தேன். நடை இலேசானது போலிருந்தது. அதையே சான்றாக எடுத்துக்கொண்டு தோட்டத்தில் ஐந்து பேருக்குக் கொடுத்தேன்.

மூன்றாம் மாதம் அவர்களில் ஒருவரான ரோசம்மா வந்தார். வயது அறுபத்திரண்டு. "டிரெஸ்ஸர் ஐயா, நின்னு பத்து வருஷமான தீட்டு திரும்ப வந்திருச்சு. மருந்து வேலை செய்யுது லா!" என்று வெட்கத்தோடு சிரித்தார்.

அந்த வயதில் இரத்தப்போக்கு இளமையல்ல, எச்சரிக்கை. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

"யார் கொடுத்த மாத்திரை?" என்று டாக்டர் கேட்டார்.

"பசார்ல வாங்கினேன்," என்றார் ரோசம்மா, என்னைப் பார்க்காமல்.

"இல்லை டாக்டர், நான்தான் கொடுத்தேன்," என்றேன்.

கருப்பையின் உட்சுவர் தடித்திருந்தது. புற்றுநோய் இல்லை என்று முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு மற்ற நால்வரிடமும் உண்மையைச் சொல்லி டப்பாக்களைத் திரும்பக் கேட்டேன். மூவர் தந்தார்கள். முத்து அண்ணன் மட்டும், "ஏன் ஐயா, நீங்க மட்டும் இளந்தாரியா இருக்கணுமா?" என்று சிரித்துவிட்டார். வாரந்தோறும் போய்க் கேட்கிறேன். கொடுத்தபோது ஒரே சொல்லில் நம்பியவர், இப்போது நம்ப மறுக்கிறார்.

அடுத்த முறை தானும் கூட வந்து, தனக்கு நேர்ந்ததை அவரிடம் சொல்வதாக ரோசம்மா சொல்லியிருக்கிறார்.