ஆன்ட்டியிடம் மிஞ்சிய ஒரே சொல்

மலேசியாவின் ஈப்போ நகர மருத்துவமனையில் நான் இயன்முறை சிகிச்சையாளர். பக்கத்து ஊரான லகாட்டில் மீ என்னும் நூடுல்ஸ் விற்கும் கடை வைத்திருந்த சீன ஆன்ட்டி ஒருவர் பக்கவாதம் வந்து எங்களிடம் சேர்ந்தார். தெரிந்த மொழிகளெல்லாம் போய், 'கேன்' என்ற ஆங்கிலச் சொல் மட்டும் அவரிடம் மிஞ்சியிருந்தது. 'முடியும்' என்று பொருள்; 'சரி', 'ஆகட்டும்' என்பதற்கும் இங்கே அதைத்தான் சொல்வோம். எங்கள் ஊரில் அந்த ஒரு சொல்லை வைத்தே சந்தைக்குப் போய் வந்துவிடலாம். ஆனால் ஆன்ட்டி தண்ணீர் கேட்பதும் அதே சொல்லில்தான்; வலிக்கும் கோபத்துக்கும் அதேதான்.

அம்மா ஏதோ உளறுகிறார் என்று மகன் கலங்கினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இழுத்துச் சொன்னால் தாகம், வெடுக்கென்று சொன்னால் வலி. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டேன்.

ஒருநாள் காலை அவரைப் பிடித்து நடக்க வைத்தேன். எதிரே சற்றுத் தள்ளி மகன் நின்றிருந்தார். பாதியில் நின்ற ஆன்ட்டி, தன்னைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்து, மெதுவாக "கேன்" என்றார். அந்தத் தொனி எனக்குப் புதிது. கையை விடச் சொல்கிறார்.

"விட்றாத லா! விழுந்துட்டா யாரு பதில் சொல்றது?" என்று எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா'வோடு பதறினார் உடன் வேலை செய்யும் சேகர் அண்ணன்.

"அவங்களே கேக்குறாங்க அண்ணே. நீங்க பின்னால வந்து நில்லுங்க."

கையை எடுத்தேன். ஆன்ட்டி காலை இழுத்து இழுத்து நடந்து மகனிடம் போய்ச் சேர்ந்தார். அழுத மகனின் தோளைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பி, தலையை நிமிர்த்தி, "கேன்?" என்றார்.

"கேன் லா, ஆன்ட்டி!"

மாலையில் வீட்டில், "இன்னிக்கு வேல எப்படி?" என்று கேட்டார் என் கணவர். ஆன்ட்டியைப் போலவே தலையை நிமிர்த்தி, "கேன்" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கும் வேறு சொல் தேவைப்படவில்லை.