தீபாராதனைக்கு முன் எழுந்துபோனது

எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் இன்றும் இனிக்கிறது. அதற்காகப் பிள்ளையாருக்கு நன்றி சொல்லாமல் நான் படுத்ததில்லை. அதை உப்பாக்கப் பார்த்தவரை மன்னிக்கும் மனசைக் கொடு என்றும் அவரிடம் கேட்டுப் பார்த்தேன். அதைத்தான் அவர் இன்னும் கொடுக்கவில்லை.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மாரியூருக்குத் தீர்த்தமாடப் போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் நடப்பார்கள். சுற்றிலும் எங்கே தோண்டினாலும் உவர். நல்ல தண்ணீர் இந்த ஒரு கிணற்றில்தான். கிணற்றையும் அதை ஒட்டிய நிலத்தையும் ஊர்ப் பெரியவர் ஒருவர் தர்மத்துக்கு எழுதிக்கொடுத்தார். இராமநாதபுரத்து வக்கீல் சொன்னபடி தண்ணீர்ப் பந்தலுக்கு ஒரு சங்கம் பதிவு செய்தோம். நிர்வாகிகள் ஏழு பேரில் நானும் ஒருவன். ஐந்தாம் வகுப்பு படித்திருந்ததால் சங்க விதிகளை, அதாவது பைலாவை, வாசித்துக்காட்டியது நான்தான். ஐந்து பேர் உட்கார்ந்தால்தான் கூட்டம் செல்லும். தன் குடும்பத்துக்கு ஆதாயம் வரும் காரியத்தில் எந்த நிர்வாகியும் தலையிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்கள்.

பெரியவர் காலமானதும் அவர் மகன் தலைவரானார். அவருடைய மச்சினனுக்கு வாலிநோக்கத்தில் உப்பளம் இருந்தது. அந்த மச்சினன் கிணற்றடி நிலத்தையும் உப்பளம் போடக் குத்தகைக்குக் கேட்டார். கடல் தண்ணீரை வாய்க்காலில் கொண்டுவந்து பாத்தியில் நிறுத்தினால் பக்கத்துக் கிணறு என்ன ஆகும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

தலைவர் அதற்கான கூட்டத்தைப் பிள்ளையார் கோயிலில் போட்டார். பூஜை தொடங்கியபின் பேசுவதும், தீபாராதனை முடிந்து திருநீறு வாங்கியபின் எழுவதும் எங்கள் சங்கத்து வழக்கம். இடையில் எழுந்தவன் சாமியை அவமதித்தவன். அன்று இரண்டு நிர்வாகிகள் வெளியூரில் இருந்தார்கள். என்னோடு சேர்த்து ஐந்து பேர்தான். பேசித் தடுத்துவிடலாம் என்று நம்பிப் போயிருந்தேன்.

“அண்ணே, மச்சினன் காரியத்துல நீங்க தலைமை தாங்கக் கூடாது. பைலாவுல இருக்கு.”

“எங்க அய்யா குடுத்த நிலம்லே இது. உங்க அய்யா குடுத்ததா?” என்றார் தலைவர்.

“குடுத்த அன்னைக்கே அது தர்மத்துக்குப் போயிருச்சுல்ல?”

“அஞ்சாப்பு படிச்சிட்டு ஐகோர்ட்டு ஜட்ஜு மாதிரி பேசுறானப்பா!” என்று அவருடைய சித்தப்பா மகன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

“தண்ணிக்கு என்ன, வேற கிணறு வெட்டிக்கிறலாம்” என்றார் தலைவர்.

“எங்கன வெட்டுவீக? உங்க மச்சினன் பாத்திக்குள்ளயா?”

சிரிப்பு நின்றுபோனது. “சரி, கையைத் தூக்குங்கப்பா” என்றார் அவர்.

பூசாரி கற்பூரத்தட்டை எடுத்துவிட்டார். நான் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தாலும் கூட்டம் செல்லும். நாலு கை போதும். கற்பூரம் ஏற்றும்போது சாமிக்கு முதுகு காட்டியவனில்லை நான். ஆனாலும் எழுந்துவிட்டேன்.

“ஏலே, உக்காரு! தீபாராதனை ஆகல!”

“நான் போறேன்ணே. நாலு பேரை வச்சுத் தீர்மானம் போட முடியாது.”

“சாமி முன்னால எந்திரிச்சுப் போறியே, நீ வெளங்குவியாலே?”

தெருவில் நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் மணி அடித்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்குள் விஷயம் ஊரெங்கும் பரவிவிட்டது. வெளியூர் போயிருந்த இருவரும் வந்து என் பக்கம் நின்றார்கள். கோயில் வாசலில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். தலைவருக்காகக் கை தூக்க வந்த ஒருவர், அந்தப் பெண்களுக்கு நடுவே தன் மனைவியையும் கண்டு கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். மூன்றுக்கு மூன்று என்று நின்று, பெரும்பான்மை இல்லாமல் தீர்மானம் தோற்றது.

அதன்பின் தலைவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு என்னை யாரும் அழைக்கவில்லை. என் மகள் கல்யாணத்துக்கு அவருக்கு நானும் வெற்றிலை பாக்கு வைக்கவில்லை. வாங்காமல் வந்த திருநீற்றுக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மன்னித்திருப்பார்.

தலைவர் வீட்டுக்கும் அந்தக் கிணற்றிலிருந்துதான் குடம் போகிறது. குடிக்கட்டும்.