நேரமிருப்பின் ஒரு கணித வகுப்பு

சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசல் படலையில் தயிர்க்கார அக்கா வந்து நின்றால் மணி எட்டு என்று அர்த்தம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எருமை வைத்திருக்கும் வீடு அவருடையது. கிழமை நாட்களில் ஊர் முன்பள்ளியில் உதவி ஆசிரியை. சனிக்கிழமைகளில் தயிர் முட்டிகளோடு வாவியைக் கடந்து டவுனுக்கு வருவார். ஒரு சித்திரை மாதம், முட்டியை என் கையில் தந்த பிறகும் அவர் போகாமல் நின்றார்.

“டீச்சர், ஒண்டு கேப்பன், சிரிக்கக் கூடா.”

“சிரிக்க மாட்டன், சொல்லுங்க அக்கா.”

“எனக்குக் கணக்குப் படிப்பிச்சுத் தருவீங்களா? ஓ.எல் எடுக்கணும்.”

நான் சிரிக்கவில்லை. சிரித்துவிடுவேனோ என்ற பயத்தில் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன். அவர் அதைக் கோபமென்று நினைத்துக் கடகடவென்று காரணம் சொல்லத் தொடங்கினார். பதினாறு வயதில் ஓ.எல் என்ற சாதாரண தரப் பரீட்சை முதல்முறை வந்தபோது குடும்பம் இடம்பெயர்ந்திருந்தது. அடுத்த முறை எழுதியபோது மற்றப் பாடமெல்லாம் வந்தது, கணிதம் மட்டும் போய்விட்டது. இப்போது முன்பள்ளிக்குப் பொறுப்பான அதிகாரி, கணிதத்தில் சித்தியடையாத ஒருவரை வருகிற வருசம் வைத்திருக்க ஏலாது என்று சொல்லியிருக்கிறார். பதினொரு வருசமாக ஊர்ப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, பாட்டுச் சொல்லிக்கொடுத்த இடம் அது. அதை விட்டால் தனக்கு எருமைதான் மிச்சம் என்றார். எருமைக்குப் பாட்டில் விருப்பமில்லையாம்.

நான் டவுன் பள்ளிக்கூடமொன்றில் கணிதம் படிப்பிக்கிறவள். புத்தியுள்ள யாரும் “சரி, உள்ள வாங்க” என்று சொல்லி, அந்த நிமிசமே கொப்பியைத் திறந்திருப்பார்கள். பரீட்சைக்கு ஏழு மாதம் இருந்தது. நானோ திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

புவியியல் படிப்பிக்கும் சிநேகிதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “தனியாப் போய்ச் சொல்லிக்குடுத்தா ரியூசன் எண்டுதான் சனம் கதைக்கும். அமைப்பு எண்டா சேவை” என்றாள். அடுத்த நிமிசம், “நீதான் செயலாளர்” என்றும் சொன்னாள். அந்தச் சொல் என் காதில் எவ்வளவு இனிமையாக விழுந்தது என்பதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

முதல் கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்தோம். எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டத்துக்கு வந்த மனிதரைப் பதவி கொடுக்காமல் அனுப்புவது, சாப்பாட்டு நேரத்தில் வந்தவரைப் பசியோடு அனுப்புவதற்குச் சமம். ஆகவே போசகர், தலைவர், இரண்டு உப தலைவர், செயலாளராக நான், உப செயலாளர், பொருளாளர், உப பொருளாளர், கணக்காய்வாளர், ஊடகப் பொறுப்பாளர், கலாசாரப் பொறுப்பாளர் என்று பதினொரு பேருக்கும் பதவி அமைந்தது. தலைவர், ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி, எல்லோரையும் வாழ்த்திவிட்டு, “உறுப்பினர்கள் யார்?” என்று கேட்டார். ஒருவரும் மிஞ்சவில்லை.

இரண்டாவது கூட்டம் சின்னத்துக்கு. பாடும் மீன்களுக்குப் பேர்போன மட்டக்களப்பில் எந்த அமைப்பென்றாலும் சின்னத்தில் ஒரு மீன் பாடியே ஆகவேண்டும். கல்வி என்பதால் கீழே புத்தகம், அதன்மேல் விளக்கு. விளக்குக்கு மேலே மீனை வைத்தோம். வரைந்து வந்த படத்தைப் பார்த்தால் மீனை வாட்டுகிற மாதிரி இருந்தது. மீனைக் கீழே இறக்கினால், புத்தகத்தில் சுற்றிக் கட்டித்தந்த மீனாகிவிட்டது. இதற்கே இரண்டு மாதம் போனது. கடைசியில் மீனை விளக்குக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். அது இன்றுவரை எங்கள் கடிதத் தாளில் நெருப்புக் கேட்டு வந்த அயலவர்போல நிற்கிறது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்கா படலையில் நின்று, “சங்கம் எந்தளவில டீச்சர்?” என்று கேட்பார். “யாப்பு, சங்கத்திட சட்டதிட்டம் எழுதுறம் அக்கா” என்பேன். “நல்லம், நல்லம்” என்று சொல்லிவிட்டுப் போவார். கணக்குப் புத்தகம் தயிர்க் கூடைக்குள் முட்டிகளுக்கு நடுவில் இருந்ததை நான் கண்டேன். கண்டும், யாப்பு முடியட்டும் என்று இருந்தேன்.

அந்த யாப்புத்தான் வினை. பயனாளிகள் ஐந்து வயது முதல் பதினெட்டு வயது வரையான மாணவர்கள் என்று எழுதி, தலைவர் கையொப்பமும் வைத்துவிட்டார். அக்காவுக்கு முப்பத்தொன்பது. (என்னைவிட ஒரு வயது இளையவர் என்பது அவருடைய அடையாள அட்டையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் ‘அக்கா’ ஒட்டிக்கொண்டுவிட்டது.) நான் கூட்டத்தில் எழுந்து, இந்தச் சங்கமே அவர் கேட்டதால்தானே உருவானது என்று கத்தினேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, “யாப்பு இடம்தராது பிள்ள” என்றார்.

சிநேகிதி ஒரு வழி கண்டுபிடித்தாள். அக்காவை நிர்வாக சபையில் கிராமப் பிரதிநிதியாகப் போட்டால் உள்ளே வந்துவிடுவார் அல்லவா? எல்லோரும் கைதட்டி நிறைவேற்றினோம். அக்காவும் வந்து கையொப்பம் வைத்தார். அதற்குப் பிறகுதான் உப செயலாளர் யாப்பின் ஒன்பதாம் பிரிவை வாசித்தார். நிர்வாக சபையில் இருப்பவர் எவரும் சங்கத்தின் சேவையைத் தமக்குப் பெற்றுக்கொள்ளக் கூடாது. ஊழலைத் தடுக்கும் ஆவேசத்தில் அந்தப் பிரிவை எழுதியவள் நான்.

தொடக்க விழாவுக்குக் குறித்த சனிக்கிழமையையும் சேர்த்துப் பரீட்சைக்கு ஒன்பது சனிக்கிழமை மிச்சம். விழா முடிந்து வகுப்புத் தொடங்கட்டும், ஒன்பதாம் பிரிவைப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று தலைவர் சமாதானம் சொன்னார். அழைப்பிதழில் விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, நாலு வாழ்த்துரை, பொன்னாடை போர்த்தல், கலை நிகழ்ச்சி, நன்றியுரை என்று வரிசையாக வந்து, ஆகக் கீழே சின்ன எழுத்தில் ‘முதலாவது கணித வகுப்பு (நேரமிருப்பின்)’ என்று போட்டிருந்தது.

விழா அக்காவின் ஊர்ப் பொது மண்டபத்தில். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதக்கும் இரும்புத் தட்டுக்கு எங்கள் பக்கம் பாதை என்று பெயர். நாங்கள் பதினொரு பேரும் அதில் பட்டுச் சேலையும் வேட்டியுமாகப் போய் இறங்கினோம். மண்டப வாசலில் பதாகை. சங்கத்தின் பெயரில் ‘பின்தங்கிய’ என்ற சொல் எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தது.

அக்கா அதை நின்று வாசித்தார். “பின்தங்கினதெண்டா பின்தங்கினதுதான் டீச்சர். அதைக் கொண்டுவந்து எங்கட வாசல்லயே கட்டணுமா?” என்றார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அவருக்கு அன்று இருந்த வேலையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிராமப் பிரதிநிதி என்பதால் விருந்தினருக்குச் சந்தனம் கொடுத்தார். நிறைகுடம் வைத்தார். முன்பள்ளிப் பிள்ளைகளைக் கோழிக்குஞ்சு ஆட்டத்துக்கு உடுத்துவித்தார். நூறு பேர் சாப்பாட்டுக்குத் தன் வீட்டுத் தயிர் முழுவதையும் கொண்டுவந்திருந்தார். இதற்காக அந்தக் கிழமை முழுவதும் அவர் புத்தகத்தைத் தொடவில்லை. நாங்கள் அவருடைய கல்வியை மேம்படுத்திக்கொண்டிருந்தோம்.

ஆசியுரை சொன்னவர் தன் பள்ளிப் பருவத்தில் தொடங்கி மெதுவாக நடந்து வந்தார். வாழ்த்துரைக்காரர் ஒவ்வொருவரும் “சுருக்கமாகச் சொல்கிறேன்” என்று சொல்லிவிட்டுக் கதிரையைப் பின்னால் தள்ளினார்கள். ஒரு கோழிக்குஞ்சு மேடை ஓரத்தில் தூங்கியே போனது. பொன்னாடை எல்லோருக்கும் போர்த்தப்பட்டது. அக்காவுக்கும் ஒன்று. நன்றியுரை முடியும்போது மணி ஐந்து. பாதை ஆறரையோடு நின்றுவிடும். தலைவர் ஒலிவாங்கியில், “நேரமின்மையால் வகுப்பு ஒத்திவைக்கப்படுகிறது” என்று அறிவித்தார். சனம் கைதட்டியது. எதற்கென்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

விருந்துக்கு வந்தவரை வாசலோடு விடுவது அந்த ஊரில் வழக்கமில்லை, அக்கரை வரைக்கும் கொண்டுபோய் விடவேண்டும். கிராமப் பிரதிநிதி என்பதால் அக்காதான் எங்களோடு பாதையில் ஏறினார். டவுன் கரையில் எல்லோரும் வேனில் ஏறினார்கள். நான் ஏறவில்லை. பொன்னாடையோடு, களைத்துப்போய், எங்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்த அவரைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. என் மேல்தான் கோபம்.

“வாங்க அக்கா, இப்ப நான் உங்களைக் கொண்டுபோய் விடுறன்” என்றேன்.

திரும்பிப் போகும் பாதையில் வாகனம் இல்லை. வகுப்புக்கென்று வாங்கிய வெண்கட்டிப் பெட்டி என் பையில் இருந்தது. இரும்புத் தட்டில் குந்தி ஒரு சமன்பாட்டை எழுதினேன். அக்கா சேலையைச் செருகிக்கொண்டு எதிரில் குந்தினார்.

“இந்த எக்ஸ் ஆரு டீச்சர்? பள்ளிக்கூடத்திலயும் ஒருத்தரும் சொல்லல்ல.”

“மூடின முட்டி அக்கா. உள்ளுக்க எவ்வளவு தயிர் எண்டு தெரியா. மற்றதெல்லாத்தையும் ஒவ்வொண்டா அந்தப் பக்கம் எடுத்து வைங்க, முட்டி தனிய நிக்கட்டும்.”

அவர் எடுத்து வைத்தார். முட்டி தனியே நின்றது. “இவ்வளவுதானா?” என்றார். இருபத்து மூன்று வருசக் கோபம் அந்தக் கேள்வியில் இருந்தது.

அவருடைய கரை வந்தது. இறங்காமல், “சரி, இப்ப நான் உங்கள விடுறன்” என்றார். நான் அவரைக் கொண்டுபோய் விட, அவர் என்னைக் கொண்டுவந்து விட, ஆறரைக்குள் நாலு தரம் வாவியைக் கடந்தோம். எழுத இடம் முடிந்தபோது அக்கா பொன்னாடையைக் கழற்றித் தட்டை அழித்தார். நல்ல துணி, நன்றாக அழிந்தது. பாதை ஓட்டுகிறவர் வந்து பார்த்து, “நீங்க ரெண்டு பேரும் இறங்குற யோசினை இல்லையா?” என்று கேட்டார். பிறகு மூன்றாவது கணக்கில் அக்கா சய (மைனஸ்) அடையாளத்தை மாற்றாமல் விட்டதையும் காட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எட்டு சனிக்கிழமையும் அப்படித்தான். அக்கா தயிர் விற்று முடிந்ததும் நான் பாதைக்குப் போவேன். ஒன்பதாம் பிரிவு வாவிக்குள் செல்லாது என்று நாங்களே தீர்மானம் நிறைவேற்றினோம். மோட்டார் சைக்கிளோடு ஏறுகிறவர்கள் முக்கோணங்களை மிதிக்காமல் ஓரமாக நிறுத்தப் பழகிக்கொண்டார்கள்.

முடிவு வந்த சனிக்கிழமை, அக்கா எட்டு மணிக்கு முன்னமே படலையில் நின்றார். கணிதத்தில் எஸ். சாதாரணச் சித்திதான், ஆனால் அது போதும். அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன், தயிர் முட்டி நடுவில் இருந்ததால் கொஞ்சம் சேலையிலும் ஊற்றுப்பட்டது. சங்கம் அவருக்குப் பாராட்டு விழா எடுக்க ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது என்று சொன்னேன்.

அவர் முகம் மாறியது. சுற்றிவர ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“டீச்சர், எங்கட ஊரில இன்னும் ஆறு பொம்பிளயள் கணக்கு எடுக்க நிக்காங்க. ஒருத்திக்கு நாப்பத்தாறு. பாதையில வந்து குந்துறம் எண்டு சொல்லுறாங்க. நீங்க வருவீங்கதானே?”

“வாறன் அக்கா.”

“ஆனா ஒண்டு. இந்தமுறை சங்கத்துக்கு மட்டும் சொல்லிப்போடாதீங்க.”

சிரித்தேன். சிரித்து முடிந்தபோதுதான் வெட்கம் வந்தது. அந்தச் சங்கத்தின் செயலாளர் நான்தான் என்பதை அவரும் மறந்துவிட்டார், நானும் ஞாபகப்படுத்தவில்லை. அடுத்த சனிக்கிழமை நிர்வாக சபைக் கூட்டத்துக்குச் சுகமில்லை என்று அறிவித்துவிட்டு, ஒரு பெட்டி வெண்கட்டியும் அழிப்பதற்கு என்னுடைய பொன்னாடையையும் எடுத்துக்கொண்டு பாதைக்குப் போனேன்.