எஞ்சினுக்குச் சந்தனக் காப்பு

இன்று கல்லிடைக்குறிச்சி வயலில் பார்த்த கூத்து.

ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரத் துரையிடம் பண்ணையார் வாங்கிய, தண்ணீர் இறைக்கும் பழைய எஞ்சின் காலையிலிருந்து கிளம்பவில்லை. நாற்று வாடிக்கொண்டிருந்தது.

"கண்ணு பட்டிருக்குலே. சந்தனத்த இன்னும் கெட்டியாப் பூசு" என்று பண்ணையார் வேலையாளை அதட்டினார்.

பூசிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினார்கள். எஞ்சின் இருமக்கூட இல்லை.

வேடிக்கை பார்க்கப் போன நான் குனிந்து பார்த்தேன். தீப்பொறி தரும் பிளக்கின் மேலேயே ஈரச் சந்தனம் அப்பியிருந்தது.

"அண்ணாச்சி, இந்த ஈரந்தான் பொறியக் கெடுக்கு."

"வாயக் கழுவும் வே!"

அவர் திருநீறு எடுக்கத் திரும்பியதும் பிளக்கைத் துண்டால் துடைத்துவிட்டேன். அடுத்த சுற்றிலேயே எஞ்சின் கிளம்பியது.

"பாத்தீரா வே, சந்தனத்தோட மகிமைய!" என்றவர், நாளைக்கு இரண்டு மடங்கு அரைக்கச் சொல்லியிருக்கிறார்.

அரைக்க ஆள் இருக்கிறது. துடைக்க யார் வருகிறீர்கள்?