டிசைன் அக்காவுக்கு மட்டும் திறக்கவில்லை

எம்ப்ராய்டரி பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் டிசைன் அக்கா. துணி கொண்டு வருகிறவர்களுக்கும், நூல் கடைக்காரருக்கும், அவளைவிட மூத்த கரண்ட் ரீடிங்காரருக்கும்கூட. ஒரு படத்தைக் கொடுத்தால் கணினியில் அதைத் தையல் புள்ளிகளாக மாற்றித் தருவாள். ஊசி எங்கே இறங்க வேண்டும், நூல் எந்தப் பக்கம் சாய வேண்டும், எங்கே அறுபட வேண்டும் என்று எல்லாம் அதற்குள் இருக்கும். தொழிலில் அதற்குப் பஞ்சிங் என்று பெயர். அந்த ஃபைலைப் பென்டிரைவில் ஏற்றி மெஷினில் செருகினால் மீதியை மெஷின் பார்த்துக்கொள்ளும்.

மெஷினைப் பார்த்துக்கொள்வது அவள் கொழுந்தனின் மனைவி. வீட்டிலும் பட்டறையிலும் அவள் பெயர் சின்னவள். ஃப்ரேமில் துணியை இழுத்து மாட்டுவது, அறுந்த நூலைக் கோப்பது, அடிநூல் சுற்றிய பாபினை மாற்றுவது, பில் போடுவது எல்லாம் அவள் பாடு. இவர்களுடைய கணவர்கள், அண்ணன் தம்பி இருவரும், ஒரு வேனை வைத்துக்கொண்டு சரக்கு ஏற்றி இறக்கினார்கள். கீழே பட்டறை, மாடியில் இரண்டு குடும்பமும்.

டிசைன் அக்காவுக்கு யார்மேலும் லேசில் நம்பிக்கை வராது. பாக்கெட் பாலைக்கூடக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். "உன் நிழல் பின்னாடி வந்தாக்கூட யாரு அதுன்னு திரும்பிப் பாப்ப" என்று அவள் கணவன் கேலி செய்வான். கணினியிலும் அப்படித்தான். பில் போடுவதற்கென்று சின்னவளுக்குத் தனி லாகின். தன் லாகினுக்குப் பாஸ்வேர்டு அடிக்கும்போது இடது கையால் வலது கையை மறைத்துக்கொள்வாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, பஞ்சிங் மென்பொருள் திறக்கவில்லை.

திரையில் அதன் படத்தின்மேல் இரண்டு தட்டு தட்டினாள். அம்புக்குறி பக்கத்தில் சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. நின்றது. அவ்வளவுதான். பிழை என்று ஒரு வரிகூட வரவில்லை. மறுபடி தட்டினாள். வட்டம் வந்தது, போனது. கணினியை அணைத்துப் போட்டாள். அதே கதை. மேஜைக்கு அடியில் குனிந்து, மென்பொருளோடு வாங்கிய யூஎஸ்பி சாவி செருகியபடி இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அதன் பச்சை விளக்கும் எரிந்தது.

நிமிர்ந்தபோதுதான் மவுஸ் கண்ணில் பட்டது. அது கீபோர்டுக்கு இடப்பக்கம் இருந்தது. சின்னவள் இடதுகைப் பழக்கக்காரி.

நாற்காலியும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. சின்னவள் குள்ளம்.

"இங்க கொஞ்சம் வாம்மா" என்று குரல் கொடுத்தாள். சின்னவள் கையில் நூல்கண்டோடு வந்து நின்றாள்.

"நேத்து இதுல யாரு உக்காந்தது?"

"நான்தான்க்கா. ரெண்டு பில் பாக்கி இருந்துச்சு."

"நீ மட்டுமா?"

சின்னவள் நூல்கண்டை ஒருமுறை உருட்டினாள். "என் தம்பி வந்திருந்தான். கம்ப்யூட்டர் உள்ள ஃபேன் ரொம்பச் சத்தம் போடுதுன்னு கழட்டித் தூசி தட்டிக் குடுத்தான்."

ஞாயிற்றுக்கிழமை டிசைன் அக்கா தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அன்றைக்குப் பார்த்துத் தம்பி வந்திருக்கிறான். அவன் மொபைல் கடை வைத்திருப்பவன். பாஸ்வேர்டு மறந்துபோன போன்களைத் திறந்து கொடுப்பதுதான் அவனுக்குப் பேரும் பிழைப்பும். போனைத் திறக்கிறவனுக்குக் கணினி எம்மாத்திரம்? எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று யோசிக்க அதற்குமேல் அவளுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

கால்பந்து அணி ஒன்றின் ஜெர்சிகள் அட்டைப்பெட்டியில் காத்திருந்தன. முதுகில் ஒவ்வொருவர் பெயரும் தைக்க வேண்டும். சனிக்கிழமை போட்டி. டிசைன் அக்கா ரிப்பேர்காரருக்குப் போன் போட்டாள்.

அவரை எல்லோரும் ரீஸ்டார்ட் என்றுதான் சொல்வார்கள். யார் எதற்குக் கூப்பிட்டாலும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்பதுதான் அவருடைய வணக்கம். அன்றைக்கும் அதையே கேட்டார். "பண்ணிட்டுத்தான் கூப்பிடுறேன்" என்றாள். மத்தியானத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தார்.

அவர் உட்கார்ந்ததும் டிசைன் அக்கா அவருடைய தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவர் எதைத் தட்டுகிறார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவர்மேலும் அவளுக்கு முழு நம்பிக்கை கிடையாது.

கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளின் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு மென்பொருளைத் தட்டினார். பட்டியலில் அதன் பெயர் தோன்றி, கண் இமைப்பதற்குள் மறைந்தது.

"உயிர் இருக்கு. எழுந்திருக்கப் பாக்குது. எதுவோ தடுக்கி விழுது" என்றார்.

"யாராவது வேணும்னே செஞ்சா இப்படி ஆகுமா?"

"வேணும்னு செஞ்சாலும் ஆகும், வேணாம்னு செஞ்சாலும் ஆகும்." அதன் அமைப்புகள் இருக்கும் ஃபோல்டருக்கு வேறு பெயர் வைத்துவிட்டு மறுபடி தட்டினார். பலனில்லை. "வேற லாகின் ஏதாவது இருக்கா?"

சின்னவள் வந்து தன் பாஸ்வேர்டை அடித்தாள். மறைக்காமல்தான் அடித்தாள். ரீஸ்டார்ட் மென்பொருளைத் தட்டினார். வட்டம் சுற்றியது. திரை முழுக்க மலர்ந்து திறந்தது.

"அப்போ மென்பொருள்ல ஒண்ணும் இல்ல" என்றார் அவர் சந்தோஷமாக. "உங்க லாகின்ல இருக்கிற எதுவோதான்."

டிசைன் அக்காவுக்கு அது காதில் ஏறவில்லை. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாகச் செய்த வேலையை அந்த மென்பொருள் தானாகவே திறந்து காட்டும். திரையில் ஒரு கொடி இருந்தது, ஏழெட்டு இலைகளோடு. தையல் சில இடங்களில் நெரிசலாக இருந்தது, காம்பில் நூல் தேவையில்லாமல் அறுபட்டது. ஆனால் இலைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பியிருந்தன, காற்று பட்டதுபோல. அது அவள் செய்ததில்லை. பில் போடுகிறவள் லாகினில் இலைக்கு என்ன வேலை?

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் டிசைன் அக்கா ஒரு பெரிய பட்டறையில் பிசிறு வெட்டுகிற வேலையில் இருந்தாள். அங்கே பஞ்சிங் செய்கிற மாஸ்டர் யாரும் பார்க்காதபடி திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருப்பார். ஆனால் அந்தச் சுவரோரம் நூல்கண்டு அடுக்கிய கண்ணாடி அலமாரி இருந்தது. திரை அதில் தெரிந்தது. கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் வலம் இடம் மாறித் தெரிந்ததைப் பார்த்தே அவள் அந்த வேலையைக் கற்றாள். ஒருநாள் வேலையை விட்டு நின்று, சொந்தமாகப் பஞ்சிங் செய்யத் தொடங்கினாள். மாஸ்டர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் "பாம்புக்குப் பால் வாத்தேன்" என்று சொல்லித் திரிந்தார். வாய் திறந்து யாரிடமும் கேட்காமல் கற்றுக்கொள்கிறவள் அடுத்து என்ன செய்வாள் என்பது டிசைன் அக்காவுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"இது என்ன?" என்று கேட்டாள்.

சின்னவள் முகம் வெளுத்தது. "சும்மா போட்டுப் பாத்தேன்க்கா."

"சும்மாவா? நான் ஊர்ல இல்லாத நாளாப் பாத்து உன் தம்பியக் கூட்டிட்டு வந்து, என் லாகினை முடக்கிட்டு, உன்னுதுல மட்டும் ஓட வச்சிருக்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறியா?"

"என்ன வேணா என்னைச் சொல்லுங்க. என் தம்பி தூசி தட்டினான். அதுக்கு மேல அவன் விரல்கூடப் படல."

"அவன் விரல் எதுல படும்னு ஊருக்கே தெரியும்."

சின்னவள் நூல்கண்டை மேஜைமேல் வைத்தாள். மெஷினை நிறுத்தினாள். பாதி தைத்த துணி ஃப்ரேமில் அப்படியே நிற்க, மாடிப்படி ஏறிப் போய்விட்டாள். மெஷின் ஓயாமல் ஓடிய அறையில் திடீரென்று ரீஸ்டார்ட் எச்சில் விழுங்குவது கேட்டது.

அவர் தலையைத் திருப்பாமல் கேட்டார். "கடைசியா இதுல புதுசா என்ன போட்டீங்க?"

"நான் ஒண்ணும் போடல."

"எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. கோவிச்சுக்காதீங்க." அவள் லாகினுக்குத் திரும்பி, ஃபான்ட்கள் இருக்கும் இடத்தைத் திறந்தார். "பெயர் தைக்கிற வேலைன்னு சொன்னீங்க. எழுத்து எங்கிருந்து வந்துச்சு?"

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. சனிக்கிழமை சாயங்காலம், கடை சாத்துகிற நேரம். கால்பந்து அணியின் கேப்டன் ஒரு பென்டிரைவோடு ஓடி வந்தான். தங்கள் ஜெர்சிக்கு இந்த எழுத்துதான் வேண்டும் என்றான். மென்பொருளை ஏற்கெனவே மூடிவிட்டிருந்தாள். ஃபான்ட்டை மட்டும் போட்டுவிட்டு, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று கணினியை அணைத்தாள்.

ரீஸ்டார்ட் அந்த ஒன்றை நீக்கினார். லாகினை விட்டு வெளியே வந்து மறுபடி நுழைந்தார். தட்டினார். வட்டம் சுற்றியது, திறந்தது.

"இது எழுந்திருக்கும்போது இருக்கிற ஃபான்ட் அத்தனையையும் ஒருதடவை படிச்சுப் பாக்கும். ஒண்ணு உடைஞ்சிருந்தாலும் அங்கயே மண்டையப் போட்டுடும். நீங்க உங்க லாகின்ல மட்டும் போட்டிருக்கீங்க. அதான் உங்களுக்கு மட்டும்."

"அந்தக் கேப்டன் வேணும்னே உடைஞ்சதைக் குடுத்திருப்பானோ?"

ரீஸ்டார்ட் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அவன் சட்டைக்கு அவனே சூனியம் வைப்பானா? இன்னொரு தடவை வேற இடத்துல இருந்து எடுத்துத் தரச் சொல்லுங்க." பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று, "அந்த இலை நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிசைன் அக்கா வெகுநேரம் நாற்காலியிலேயே இருந்தாள். மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. 'கோவத்துல வாய் நீண்டுடுச்சு' என்று சொல்வதா, ஒன்றும் நடக்காததுபோல் சாப்பிடக் கூப்பிடுவதா என்று யோசித்தபடியே படியேறினாள். சின்னவளின் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே போன் பேசிக்கொண்டிருந்தாள்.

"அந்த இடத்தை விட்றாதடா. ஷட்டர் போட்டதா? கரண்ட் தனியா வருமா? இனிமே இங்க ஒரு நிமிஷம்கூட..."

டிசைன் அக்கா கதவைத் தள்ளினாள். சின்னவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். மறைக்கவில்லை.

"ஆக, நான் நினைச்சது சரிதான்" என்றாள் டிசைன் அக்கா.

"மென்பொருள் திறந்துச்சா?"

"திறந்துச்சு. ஃபான்ட் கோளாறு. நான் போட்டதுதான்."

"அப்போ என் தம்பி?"

டிசைன் அக்கா கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவன் செய்யல. அது என் தப்பு. ஆனா நீ போறதுக்குத் திட்டம் போட்டிருக்க. அதைச் சொல்லு."

"போட்டேன். நாலஞ்சு மாசமா போட்டுட்டு இருக்கேன்." சின்னவள் போனை அணைத்தாள். "இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து உங்க டிசைனைத்தான் தைக்கிறேன். ஒருநாள், ஒரே ஒருநாள், இப்படி உக்காரு, இது இப்படின்னு சொல்லியிருக்கீங்களா? நான் பக்கத்துல வந்தாலே திரையைச் சின்னதாக்கிடுவீங்க. நீங்க தூங்குற மத்தியானத்துல உக்காந்து, தப்புத் தப்பாப் போட்டுக் கத்துக்கிட்டேன். திருடல. கேட்டா குடுத்திருக்க மாட்டீங்க."

"மாட்டேன்தான்" என்றாள் டிசைன் அக்கா. அவள் வாயிலிருந்து அது தானாக வந்தது.

ஜெர்சி வேலையை இருவரும் சேர்ந்து முடித்தார்கள். பேச்சு, நூல் நிறத்தைப் பற்றி மட்டும். அணியினர் வந்து வாங்கிப்போன மறுநாள், அண்ணனும் தம்பியும் மாடியில் உட்கார்ந்து பேசினார்கள். வீட்டைப் பிரிக்க வேண்டாம், தொழிலைப் பிரித்துக்கொள்ளலாம் என்று முடிவானது. பட்டறை மூலையில் சும்மா கிடந்த, ஒரு நேரத்தில் ஒரு துணி மட்டும் தைக்கும் ஒற்றைத் தலை மெஷின் சின்னவளுக்கு. இரண்டு தெரு தள்ளி அவள் ஷட்டரைத் தூக்கினாள். கொழுந்தன் காலையில் வேன், மாலையில் அங்கே.

டிசைன் அக்கா பட்டறைக்கு வேறொரு பெண்ணை வேலைக்கு வைத்தாள். அவள்மேலும் சந்தேகம்தான். சில வாடிக்கையாளர்கள் சின்னவளிடம் போனார்கள். டிசைன் அக்கா ஒவ்வொருவர் பெயரையும் மனதில் குறித்துக்கொண்டாள், சொல்லிக்காட்டவில்லை. சாயங்காலங்களில் இருவரும் ஒரே அடுப்படியில் நின்றார்கள். அன்றைக்கு யார் வந்தார்கள் என்று இவள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயம், நர்ஸிங் கல்லூரி ஒன்றிலிருந்து பேட்ஜ் ஆர்டர் வந்தது. அவசரம். ஒரு பட்டறையால் ஆகிற வேலை இல்லை. டிசைன் அக்கா போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"பாதியை நீ போடுறியா?"

மறுமுனையில் சின்னவள் மெஷினை நிறுத்துவது கேட்டது. "டிசைன் ஃபைல் குடுப்பீங்களா?"

"படத்தைக் குடுக்குறேன். நீயே பஞ்சிங் பண்ணு."

"நம்பியா குடுக்குறீங்க?"

"இல்ல. பாத்துட்டுத்தான் வாங்குவேன்."

சின்னவள் சிரித்தாள். அது கேலியா சந்தோஷமா என்று டிசைன் அக்காவுக்கு விளங்கவில்லை.

சொன்ன நாளில் பேட்ஜ்கள் வந்து சேர்ந்தன. டிசைன் அக்கா ஒவ்வொன்றாக எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கம் திருப்பி முடிச்சுகளைப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. அதனால் இன்னொரு முறை முதலிலிருந்து பார்த்தாள்.