வெயிலை நம்பிய செல்லக்கனி

முத்தையாபுரத்துச் செல்லக்கனிக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இருபத்தாறு வருடமாக உப்பு வாருகிறாள். வெயிலுக்குப் பயந்து விடியற்காலை நாலு மணிக்கே உப்பளத்தில் இறங்கிப் பதினொரு மணிக்குக் கரையேறுவது அங்கே வழக்கம்.

ஐந்து பெண்களுக்கு அவள்தான் தலை. இறங்கும்போதும் கரையேறும்போதும் அவள் தன் போனில் படம் பிடித்து அனுப்பினால்தான் ஐவருக்கும் ஆஜர், அன்றைய கூலி. உப்புத்தண்ணீர் பட்டுக் கெட்டுவிடும் என்று மற்றவர்கள் போனை வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். இவள் போனோ கிழடு, வேலை முடியும்வரை சார்ஜ் தாங்காது. அளத்தில் கரண்டும் கிடையாது. இந்த லட்சணத்தில் ஏதோ கம்பெனிக்காரர்கள் மேடை போட்டு, உள்ளங்கை அகலத்தில் சோலார் சார்ஜர் கொடுத்தார்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர் என்று குடைக்குள் நின்றபடி ஒருவர் பேசிவிட்டுப் போனார்.

மகள் முருகேஸ்வரிக்கு நர்சிங் சீட் கிடைக்கிற நிலை. வெள்ளிக்கிழமை பத்திலிருந்து பதினொன்றுக்குள் கூப்பிடுவோம், எடுக்காவிட்டால் சீட் அடுத்த பிள்ளைக்கு என்று கல்லூரியில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். கொடுத்திருந்தது செல்லக்கனியின் நம்பர்.

"நாளைக்கு நான் போன் கொண்டாரேன். ஒன் போனு மக கிட்ட கெடக்கட்டும்," என்று வியாழக்கிழமை சொன்னாள் கூட வேலை செய்யும் சுடலைச்செல்வி.

"வேண்டாம் ளா. நமக்கே சோறு போடுத வெயிலு, இந்தச் சார்ஜர் பெட்டிக்குப் போடாதா?"

மறுநாள் ஆறரைக்குத்தான் சூரியன் வந்தது. உப்பு காய்கிற இடத்தில் எதுவும் சீக்கிரம் ஆகும் என்பது உப்பளக்காரி கணக்கு. உப்பு அம்பாரத்தை மூடிய கறுப்புத் தார்ப்பாயின்மேல் சார்ஜரையும் போனையும் சேர்த்து வைத்தாள். சூடு கூடினால் சார்ஜும் கூடும் என்று நினைத்தாள், பாவி. ஒன்பதரைக்குத் தொட்டால் இரண்டும் தோசைக்கல்லாகக் கிடந்தன. போன் சூடு தாங்காமல் சார்ஜ் ஏற்றுவதையே நிறுத்தியிருந்தது. மிச்சம் நாலு சதவீதம்.

"நெழல்ல வையி, ஏளா," என்றாள் சுடலைச்செல்வி.

"நெழலுக்கு நான் எங்க போவேன்?"

மரமா, குடிசையா, அங்கே என்ன இருக்கிறது? குனிந்து நின்று தன் நிழலைப் போன்மேல் விழவைத்து, கையை நீட்டிச் சார்ஜரை வெயிலில் பிடித்தாள். முக்கால் மணி நேரம் இடுப்பு ஒடிய நின்றாள். போனின் சூடு ஆறவே இல்லை; பத்தேகாலுக்கு அணைந்தது.

தொலைவிலிருந்த ரோட்டு டீக்கடைக்கு ஓடி, கரண்டில் செருகி, போன் உயிர் பெற்றபோது பதினொன்றே கால். அணைந்திருந்தபோது இரண்டு அழைப்புகள் வந்து போனதாகத் தகவல் வந்தது. திருப்பிக் கூப்பிட்டாள்.

"அந்த சீட் கொடுத்தாச்சும்மா," என்றது ஒரு பெண் குரல், மரியாதையாகத்தான்.

கம்பெனிக்காரனையும் சார்ஜரையும் வாய் ஓயாமல் ஏசிக்கொண்டே வீடு வந்தாள். முருகேஸ்வரி முழுவதையும் கேட்டாள். அழவில்லை.

"ஒரு நாளு சுடலைச்செல்வி அத்தை போன்ல படம் எடுத்திருக்கலாம்லாம்மா?"

"எனக்குத் தோணலியே ளா," என்றாள் செல்லக்கனி. ஒருநாள் விட்டுக்கொடுத்தால் தலைப்பொறுப்பு சுடலைச்செல்விக்குப் போய்விடும் என்று பயந்ததை, பெற்ற மகள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வாள்?