கூஜாவுக்குள் என்ன?

கோலாலம்பூரில் பக்கிரிசாமிக்குத் தெரியாத எலியே கிடையாது. கொஞ்சம் ஊதிப் பெருக்கிச் சொன்னதுதான். நிச்சயமாகத் தெரிந்தவை பன்னிரண்டு. பிரிக்பீல்ட்ஸ் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகையில், காய்ச்சல் ஆராய்ச்சிக்காக ஒரு வெள்ளைக்கார டாக்டர் வைத்திருந்தவை. தீனி போடுவதும் கூண்டு கழுவுவதும் பக்கிரிசாமியின் வேலை.

1931 ஆயுத பூசையன்று கூண்டுகளுக்கும் பொட்டு வைத்துப் பூச்சரம் சுற்றினார். ஒரு கூண்டில் சரத்தின் நார் கதவுக் கொக்கியில் சிக்கிக்கொண்டது. கொக்கி விழவில்லை. பிற்பகல் மூன்றரைக்குப் பார்த்தால் கூண்டு காலி. அதுவும் காய்ச்சல் கிருமியை ஊசியில் ஏற்றிய எலி.

நான்கு மணிக்குக் கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசு எண்ண வருவார். ஒன்று குறைந்தாலும் வேலையும் வீடும் போகும் என்று சொல்லிவைத்திருந்தார். அதைவிடப் பெரிய பயம் வேறு. அலமாரிக்கடியில் எலியின் மீசை தெரிந்தது. அதற்கு ஒரு முழத்தில் சாக்கடைத் துவாரம். துவாரத்துக்கு அந்தப் பக்கம் லயத்துப் பிள்ளைகளின் கூச்சல். இவர் ஓரடி வைத்தால் அது பாய்ந்துவிடும்.

சுண்டலும் கூஜாவில் காப்பியும் கொண்டுவந்த மனைவி நல்லம்மாள் கதவைச் சாத்திவிட்டு நின்றாள்.

“சுண்டலை வைங்க.”

வைத்தார். மீசை அசையவில்லை.

“காலையில மூக்கு முட்டத் தீனி போட்டிருக்கீங்க. மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கு.”

பக்கிரிசாமிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நூல்கட்டையோ தீப்பெட்டியோ, கூண்டுக்குள் எது புதிதாக விழுந்தாலும் இந்த எலி சோற்றை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் மோந்து பார்க்கும். வயிற்றைப் போல மூளைக்கும் ஒரு பசி உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“கூஜாவைக் கழுவிக் கொடு.”

“வெறும் கூஜாவுக்கு எது வரும்?”

“கொடு சொல்றேன்.”

குப்புறப் படுத்து, கூஜாவைக் கையெட்டும் தூரத்தில் சாய்த்து வைத்தார். மூடியை விரல்களில் பிடித்துக்கொண்டார்.

எலி இரண்டடி வந்தது. திரும்பித் துவாரத்தருகே ஓடியது. மறுபடி வந்து கூஜாவின் விளிம்பை மோந்தது. வெளியே சரளைக் கல்லில் கிராணியின் பூட்ஸ் சத்தம். எலி காதை நிமிர்த்தியது. பக்கிரிசாமி மூச்சை அடக்கினார். தலை உள்ளே போயிற்று, பிறகு முதுகு, கடைசியில் வால்.

மூடி விழுந்தது.

கதவு திறந்தது. “என்ன, பன்னிரண்டும் இருக்குதோ?”

“இருக்குங்க. ஒண்ணு மட்டும் கூஜாவுல.” நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

கிராணி துவாரத்தைப் பார்த்தார், பூச்சரத்தைப் பார்த்தார். “இனி கொக்கியில பூ வைக்காதையும். அந்தக் கூஜா வீட்டுக்குப் போகக் கூடாது” என்றவர், நோட்டில் பன்னிரண்டு என்று எழுதினார்.

பக்கிரிசாமிக்கு உயிர் வந்தது. “மூடியில வச்ச கையை நான் இம்மியும் அசைக்கலைங்க.”

“எங்க அசைக்காம?” என்றாள் நல்லம்மாள். “மூடுன உடனே, உள்ள என்ன பண்ணுதுன்னு தெறந்து பாக்கப் போனாரு. நான்தான் கையை அமுக்கிப் பிடிச்சேன்.”